பெற்றோர் பிரியும்போது பிள்ளைக்குத் தாய்மாமன் என்ன செய்யலாம்?

தங்கை ஏழு வயது மகளுடன் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள், பெங்களூரில் வழக்கு நடக்கிறது, தாய்மாமனாக என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எதிர்த்தரப்பு. என் தம்பியும் அவன் மனைவியும் பிரிந்தார்கள்; அவர்கள் பையனுக்கு நான் அத்தை.

முதலில் உங்கள் கூடத்துப் பேச்சை நிறுத்துங்கள். ஆறுதல் சொல்ல வரும் உறவினர்கள் ‘அந்தக் குடும்பமே அப்படித்தான்’ என்று ஆரம்பிப்பார்கள். உள்ளே வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கு அத்தனையும் கேட்கும். ‘அப்படியே அப்பன் சாயல்’ என்று போன வருடம் கொஞ்சியவர்களும் இவர்கள்தானே!

அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தால் ‘அங்கே யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள்’ என்று குடையக் கூடாது. எங்கள் பையன் இங்கே வந்தால் அம்மாவைப் பற்றிக் குறை சொல்வான், அங்கே போனால் அப்பாவைப் பற்றி. இரண்டு வீட்டுக்கும் பிடித்த பதில் எது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர்களோ அதை வக்கீலிடம் சாட்சியமாகக் கொண்டு போனார்கள். பள்ளிக் கட்டணம் கேட்பதற்கும் பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் எதற்கு இருக்கிறது?

அப்பா துபாய் போயிருக்கிறார் என்ற கதையும் வேண்டாம். தான் அடம்பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று அந்த வயதுப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வதுண்டு. ‘இது உன்னால் வந்ததில்லை’ என்று பலமுறை சொல்ல வேண்டும். எந்தப் பள்ளி, எந்த வீடு, அப்பாவை எப்போது பார்க்கலாம் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

அப்பாவைச் சந்திக்க நீதிமன்றம் நாள் குறிக்கும். அத்தைக்கும் அப்பாயிக்கும் பெரும்பாலும் யாரும் குறிப்பதில்லை. தூங்கும்வரை கதை சொன்ன கிழவி ஒரே நாளில் காணாமல் போய்விடுகிறாள். எங்கள் விஷயத்தில் பையனின் தாய்மாமன்தான் தன் தங்கையிடம் பேசிச் சம்மதிக்கவைத்து, ‘ஞாயிற்றுக்கிழமை அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்கு அவனை அழைத்து வருகிறேன், உங்கள் அம்மாவைக் கூட்டி வாருங்கள்’ என்று எனக்குப் போன் செய்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை. சட்டம் தெரிந்த எத்தனையோ பேர் செய்யாததை அவர் செய்தார். உங்களாலும் முடியும். ஆனால் அந்த வீட்டில் அடி உதை இருந்திருந்தால் நான் சொன்ன இந்தச் சந்திப்பு பொருந்தாது. முதலில் வக்கீலிடம் பேசுங்கள்.

குடும்ப நீதிமன்றம் இருக்கும் நியாய தேகுலா கட்டடத்திலேயே சமரச மையமும் இருக்கிறது. சமரசம் எட்டினால் பண்டிகை யாரோடு, கோடை விடுமுறை யாரோடு, போன் எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிவிடச் சொல்லுங்கள். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 13ஆம் பிரிவில், பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. நீதிபதி கேட்டாலொழிய பிள்ளையை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போக வேண்டாம்.

பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி, மறுபடி படுக்கையை நனைப்பது போன்றவை வாரக்கணக்கில் நீடித்தால் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. வகுப்பாசிரியரிடம் மட்டும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். ‘என் குடும்பம்’ என்று கட்டுரை எழுதச் சொல்லும்போது அவர் கொஞ்சம் பார்த்துக்கொள்வார்.