வாசகர் கேள்வி – பதில்: படத்தில் பார்த்ததைக் கணினியில் விளையாடலாமா?

கேள்வி: என் மகள் தரம் 6இலும் மகன் தரம் 3இலும் படிக்கிறார்கள். ‘டோய் ஸ்டோரி’ படங்களைப் பார்த்ததிலிருந்து, அதே பாத்திரங்கள் வரும் கணினி விளையாட்டு வேண்டுமென்று இருவரும் நச்சரிக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஒரேயொரு பழைய மடிக்கணினி. இரத்தம், வெட்டுக்குத்து இல்லாததாகவும், இருவரும் சண்டை பிடிக்காமல் விளையாடக்கூடியதாகவும் எதை வாங்கலாம்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: உங்கள் இரண்டு நிபந்தனைகளில் முதலாவது எளிது, சிறுவர் படங்களைத் தழுவிய விளையாட்டுகளில் இரத்தம் காட்டப்படுவது மிக அரிது. இரண்டாவதுதான் கடினம். ஒருவர் மட்டும் விளையாடக்கூடிய ஒன்றை வாங்கினீர்களானால், யாருடைய முறை எப்போது முடிந்தது என்ற வழக்கைத் தீர்த்து வைப்பதிலேயே பாடசாலை விடுமுறை முழுவதும் கழிந்துவிடும். ஆகவே பெட்டியின் மேல் யாருடைய படம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னர், ஒரே திரையில் இருவர் சேர்ந்து விளையாட முடியுமா என்பதைப் பாருங்கள்.

படத்தைத் தழுவி வரும் விளையாட்டுகளைப் பற்றி எனக்குப் பொதுவாக உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. படம் திரைக்கு வரும் வேளையிலேயே விளையாட்டும் கடைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், அரைகுறையாகச் செய்து பாத்திரத்தின் முகத்தை மட்டும் ஒட்டி விற்றவை ஏராளம். நல்லவேளையாக, உங்கள் பிள்ளைகள் கேட்பது அந்தக் கூட்டத்தில் சேராத ஒன்று. அவலாஞ்ச் சொஃப்ட்வெயார் நிறுவனம் உருவாக்கி, 2010 ஜூனில் படத்தோடு வெளிவந்த ‘டோய் ஸ்டோரி 3’ விளையாட்டில், படத்தின் கதையைப் பின்பற்றிச் செல்லும் பகுதியைக் காட்டிலும் ‘டோய் பொக்ஸ்’ என்ற மற்றப் பகுதியே சுவையானது. அதில் கதை உங்களை இழுத்துக்கொண்டு போவதில்லை. குதிரையும் மரவீடுகளுமாக ஒரு சிற்றூர் இருக்கிறது. படத்தில் உண்டியலாக வரும் பன்றி ஹாம்தான் அங்கே நகரபிதா. அவர் கொடுக்கும் வேலைகளைச் செய்தால் தங்கம் கிடைக்கும், அதைக் கொண்டு புதிய கட்டடங்களையும் பொருட்களையும் வாங்கலாம், ஊராரின் தொப்பியையும் உடையையும் மாற்றலாம், வீட்டுச் சுவருக்கு வேறு நிறம் பூசலாம். திரை இரண்டாகப் பிரிவதால், மகன் வூடியாகக் குதிரையேறி ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கையில் மகள் ஜெஸ்ஸியாக ஊரை அழகுபடுத்திக்கொண்டிருக்கலாம். ஒருவர் செய்வது மற்றவருக்கு இடைஞ்சலாகாது. மூன்று வருடங்களின் பின்னர், 2013இல், இதே நிறுவனம் ‘டிஸ்னி இன்ஃபினிட்டி’ என்ற பெரிய விளையாட்டை வெளியிட்டபோது அதற்கும் இந்த டோய் பொக்ஸ் யோசனையே அடிப்படையாக அமைந்தது என்பதிலிருந்து, யோசனை எவ்வளவு வலுவானது என்று விளங்கும்.

இதற்கு மாற்றாக ஒன்று வேண்டுமென்றால், 2014இல் வந்த ‘த லெகோ மூவி வீடியோகேம்’ இருக்கிறது. இங்கே இரண்டாவது ஆள் எந்த நேரத்திலும் உள்ளே வரலாம், சலித்துவிட்டால் வெளியேறலாம். மற்றவருடைய ஆட்டம் தடைப்படாது. இருவரும் பக்கத்தில் நிற்கும்போது ஒரே திரை, விலகிப் போனால் திரை தானாகவே பிரியும், திரும்பச் சேர்ந்தால் ஒன்றாகிவிடும். எதை அடித்தாலும் அது லெகோ கட்டைகளாகச் சிதறுகிறது. தோற்றுப்போன பாத்திரம் சேர்த்து வைத்த காசில் கொஞ்சத்தைச் சிந்திவிட்டு அடுத்த கணமே எழுந்து நிற்கும் என்பதால், தரம் 3 பிள்ளைக்கு மனம் உடைவதில்லை. ஆனால் இடையிடையே ‘த லெகோ மூவி’ படத்தின் காட்சிகளையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்; படத்தை இன்னும் பார்க்கவில்லையென்றால் முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

எதை வாங்கினாலும், இரு கைகளிலும் பிடித்து விளையாடும் பொத்தான் கருவியான கேம்பேட் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலுள்ள கணினிக் கடைகளில் யூ.எஸ்.பி.யில் பொருத்தும் சாதாரணமானது போதும். ஒரே விசைப்பலகையில் நான்கு கைகள் ஏறினால், நீங்கள் அஞ்சுகின்ற சண்டை அங்கேயே ஆரம்பமாகிவிடும்.

கேள்வி: வெளிநாட்டிலுள்ள என் மகள், பேரனுக்கு ‘லயன் கிங்’ கணினி விளையாட்டை வாங்கிக் கொடுத்தாள். சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது என்ற வயதுக் குறியீடு அதற்கு இருக்கிறது. ஆனால் ஏழு வயதுப் பேரனோ இரண்டாவது கட்டத்தைத் தாண்ட முடியாமல் தினமும் அழுகிறான். குறியீட்டை நம்பக்கூடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, குறியீடு பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்கும் கேள்விக்கு அது பதில் சொல்வதேயில்லை. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஈ.எஸ்.ஆர்.பி. வயதுக் குறியீட்டு முறையும், ஐரோப்பாவில் 2003இல் வந்த பெகி முறையும் விளையாட்டின் உள்ளடக்கத்தையே அளக்கின்றன: வன்முறை, பயமூட்டும் காட்சி, தகாத பேச்சு போன்றவை எந்த அளவில் உள்ளன என்பது மட்டும்தான் அவற்றின் அக்கறை. பெகி 3 என்று போட்டிருந்தால், மூன்று வயதுப் பிள்ளை பார்த்தாலும் தீங்கில்லை என்று பொருள் கொள்ளலாமே தவிர, அந்தப் பிள்ளையால் விளையாடி முடிக்க இயலும் என்று கொள்ளலாகாது.

உங்கள் பேரன் அகப்பட்டிருக்கும் கட்டம் உலகெங்கும் பெயர்பெற்றது. சிங்கக்குட்டி சிம்பாவைக் குரங்குகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி வீசும். எந்தக் குரங்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் வீசும். சிம்பாவைக் கர்ச்சிக்க வைத்தால் சில குரங்குகள் மறுபக்கம் திரும்பும். எதை முதலில், எதை அடுத்ததாகத் திருப்புவது என்ற ஒழுங்கைக் கண்டுபிடிக்காத வரை, புறப்பட்ட இடத்துக்கே வந்து விழ வேண்டியதுதான். விளையாட்டு 1994இல் வெளிவந்த காலத்தில் அமெரிக்காவில் இவற்றை வாடகைக்கு எடுப்பது வழக்கமாக இருந்தது. வாடகை நாட்களுக்குள் முடித்துவிட்டால் யாரும் விலை கொடுத்து வாங்கமாட்டார்கள் என்பதற்காகவே தொடக்கத்தைக் கடினமாக்கியதாக அதைச் செய்தவர்கள் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். சிறு பிள்ளைகளின் கண்ணீரில் வியாபாரக் கணக்குப் பார்த்த இந்தச் செயலை என்னால் மெச்ச முடியவில்லை.

மகள் வாங்கிக் கொடுத்தது, ‘அலாவுதீன்’ விளையாட்டையும் சேர்த்து 2019இல் வெளிவந்த மறுபதிப்பாக இருந்தால் கவலையில்லை. விழுந்தவுடன் சில விநாடிகள் பின்னோக்கிச் சென்று திரும்ப முயலும் வசதி அதில் உண்டு. முழு ஆட்டத்தையும் படம்போல ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி அங்கிருந்து விளையாடவும் செய்யலாம். முதலில் நீங்கள் பக்கத்தில் இருந்து, குரங்குகளின் ஒழுங்கைப் பேரனோடு சேர்ந்து ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளை மேய்த்தவருக்கு நாலு குரங்குகள் பெரிதல்ல.

கேள்வி: கடையொன்றில் காட்டூன் பட விளையாட்டுகள் பலவற்றைப் பென்டிரைவில் ஏற்றி மலிவாகத் தருகிறார்கள். நிறுவும்போது வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திவிட வேண்டுமாம். வாங்கலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: வேண்டாம். திருட்டுப் பிரதி என்பது ஒருபுறமிருக்க, கதவின் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்பவரை வீட்டுக்குள் விடுவீர்களா? அதே கணினியில்தான் உங்கள் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள்.

மேலே குறிப்பிட்ட பழைய விளையாட்டுகள் ‘ஸ்டீம்’ இணையக் கடையில் விற்கப்படுகின்றன. கழிவு விலை அறிவிக்கும் நாட்களில் கணிசமாக மலியும். விலை டொலரில் இருப்பதால், உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேட்டறியுங்கள். கணக்கைப் பிள்ளையின் பெயரில் திறக்காமல் உங்கள் பெயரிலேயே திறந்து, அட்டை இலக்கத்தை அதில் சேமிக்காமல் விடுங்கள். வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் கணினியில் விளையாட்டு ஒழுங்காக ஓடுகிறதா என்று பிள்ளைகள் பாடசாலையிலிருந்து வருவதற்கு முன்னரே நீங்கள் பார்த்துவிட வேண்டும். அவர்கள் உட்கார்ந்துவிட்டால் அந்த இரண்டு மணித்தியாலம் போவதே தெரியாது.