ஈஸ்னோபீலியாவும் தீராத அரிப்பும் ரத்தப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: பத்து வருடமாகத் தும்மல், அரிப்பு. இப்போது ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் என்ற வெள்ளை அணு அதிகம், அதாவது ஈஸ்னோபீலியா, என்று வந்திருக்கிறது. அலர்ஜி உள்ளவர்களுக்கு நோய் எதிர்ப்பு சக்தி கெட்டுப்போய்ப் பிற்காலத்தில் ரத்தப் புற்றுநோய் வரும் என்று யாரோ சொன்னார்களாம், உண்மையா?

நேற்று ராத்திரியே பார்த்துவிட்டேன். பதில் எழுத மனசு வராமல் போனை வைத்துவிட்டேன், ஆனால் தூக்கம் வரவில்லை. நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. திருமங்கலம் பக்கத்தில் மல்லிகை போடுகிற குடும்பம் எங்களுடையது. என் தம்பிக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா வந்தது, அதாவது நெறிகளில் (கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளில்) வரும் நிணநீர்ப் புற்றுநோய். எட்டு மாதம் அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் "பூ அலர்ஜி". அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன். பயமுறுத்துகிறாள் என்று கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டு வாருங்கள்.

முதலில் நேரடிப் பதில். அலர்ஜி புற்றுநோயாக மாறாது. எனக்கே இருபது வருடமாக ஈஸ்னோபீலியா. விடிகாலையில் எழுந்தால் பதினைந்து தும்மல் போட்ட பிறகுதான் பேச்சு வரும். ரிப்போர்ட்டில் ஏ.இ.சி. என்று ஈசினோபில் எண்ணிக்கையைப் போட்டிருப்பார்களே, அந்த எண் எனக்கு எப்போது பார்த்தாலும் 700, 800 என்றுதான் இருக்கும். யானைக்கால் நோய்க்குக் கொடுக்கிற மாத்திரையை மூன்று வாரம் போட்டும் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் யானைக்கால் புழுவாலும் நம் ஊர்ப் பக்கம் ஈஸ்னோபில் ஏறி இருமல் வரும். எனக்கு அது இல்லை, வெறும் தூசி அலர்ஜி. நன்றாக இருக்கிறேன். ஒரே வீட்டில், ஒரே பூந்தோட்டத்தில், நிஜமான அலர்ஜி உள்ள எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அலர்ஜியே இல்லாத தம்பிக்குத்தான் வந்தது.

ஆராய்ச்சிகளையும் அப்போது வெறி பிடித்த மாதிரி தேடித் தேடிப் படித்தேன். அலர்ஜி உள்ளவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் கொஞ்சம் அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சில, குறிப்பாகக் குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில், அலர்ஜி உள்ள பிள்ளைகளிடம் அது குறைவாக இருக்கிறது என்று நேர்மாறாகச் சொல்கின்றன. நோய் எதிர்ப்பு சக்தியில் பெரிய கோளாறு இருந்தால் விஷயம் வேறு. எச்.ஐ.வி. உள்ளவர்கள், கிட்னி மாற்றிவிட்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள், வாயும் கண்ணும் வறண்டு போகிற ஷோகிரன் நோய்க்காரர்கள், இவர்களுக்கெல்லாம் லிம்ஃபோமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அது உறுதியான சங்கதி. தும்மலும் தடிப்பும் அந்தக் கணக்கில் வராது.

அப்படியென்றால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற திசையில் இல்லை. புற்றுநோய் முதலில் வந்து, அலர்ஜி மாதிரி வேஷம் போடும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

2018 ஆனி மாதம் தம்பிக்கு அரிப்பு ஆரம்பித்தது. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. மூன்று மணிக்கெல்லாம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டு எடுக்கப் போகிறவன், விடிந்து வரும்போது காலைச் சொறிந்துகொண்டே வருவான். மொட்டுப்புழுவுக்கு மருந்து அடித்திருந்தோம், அதனால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அப்பா. அப்பத்தா காணாக்கடி என்றது. ஆனால் காணாக்கடி என்றால் தடித்துத் தடித்து எழும்பும், சில மணி நேரத்தில் அமுங்கும். இவனுக்குத் தடிப்பே இல்லை. தோல் சாதாரணமாக இருக்கும், நகம் பட்ட கோடுதான் இருக்கும். இந்த வித்தியாசம் எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. ராத்திரியில் தென்னை நாரை எடுத்து முழங்காலுக்குக் கீழே வறட்டு வறட்டு என்று தேய்க்கிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். காலையில் போர்வையில் பொட்டுப் பொட்டாக ரத்தம்.

பக்கத்து ஊர் வைத்தியர் உப்பு புளி இல்லாத பத்தியம் சொன்னார். (சித்த வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. அவரும் அலர்ஜி என்று நாங்கள் சொன்னதைத்தான் நம்பினார்.) பத்தியத்தில் உடம்பு இளைத்தது. அறுபத்து நாலு கிலோ இருந்தவன் ஆறு மாதத்தில் ஐம்பத்தைந்துக்கு வந்துவிட்டான். பத்தியம் இருந்தால் இளைக்கத்தானே செய்யும் என்றோம். மார்கழிப் பனியில், நாங்கள் எல்லாம் போர்த்திக்கொண்டு படுத்திருக்க, இவன் பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியதால் புழுக்கம் என்றோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் இருந்தது. நடுவில் இரண்டு டாக்டர்களிடமும் போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஏ.இ.சி. 1,400 என்று வந்தது. ஈஸ்னோபில் ஏறியிருக்கு, அலர்ஜிதான், பூவை விட்டுத் தள்ளி இருங்கள் என்று சொல்லிச் செட்ரிசின் எழுதிக் கொடுத்தார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. கழுத்தைத் தொடவில்லை. நாற்பது பேர் வெளியே உட்கார்ந்திருந்தார்கள், அவர்களையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது.

கழுத்தைத் தொட்டது எங்கள் ஊர் சலூன்கார அண்ணன். தைப்பொங்கலுக்கு முன்னால் ஷேவிங் செய்யப் போனவனிடம், "தம்பி, இங்க நெறி கட்டிருக்கே, காதுல ஏதும் புண்ணா?" என்று கேட்டிருக்கிறார். தம்பி வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். நான் தொட்டுப் பார்த்தேன். காறை எலும்புக்கு மேலே, இடது பக்கம், புன்னைக்காய் அளவில், ரப்பர் மாதிரி. அமுக்கினால் வலி இல்லை. வலிக்கவில்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, வலிக்காத நெறியைத்தான் உடனே காட்ட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஊசி வைத்து உறிஞ்சிப் பார்த்தார்கள். தெளிவாக எதுவும் தெரியவில்லை. அதற்குக் காரணம் நான். அதைக் கடைசியில் சொல்கிறேன். டி.பி. நெறியாக இருக்கும், ஆறு மாதம் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நம் நாட்டில் கழுத்து நெறி என்றால் டி.பி.தான் முதலில் ஞாபகத்துக்கு வரும், பல நேரம் அது சரியாகவும் இருக்கும். நல்லவேளையாக எங்கள் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நெறியை முழுசாக வெட்டி எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார். மாசியில் ரிசல்ட் வந்தது.

அவர் ஒரு பேப்பரில் படம் போட்டு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். இந்த நோயில் நெறிக்குள் புற்றுச் செல் என்பது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். அந்தச் செல் சும்மா இருக்காமல் ரசாயனங்களை விட்டு மற்ற வெள்ளை அணுக்களைக் கூப்பிடும். ஈசினோபிலும் அப்படித்தான் வந்து கூடுகிறது, அரிப்பும் அந்த மாதிரி ரசாயனங்களால்தான். அலர்ஜியில் ஈசினோபிலைக் கூப்பிடுவது தூசி, இங்கே கூப்பிடுவது புற்று. ரிப்போர்ட்டில் எண் மட்டும்தான் வரும், கூப்பிட்டது யார் என்று வராது.

பன்னிரண்டு ஊசி, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. நாலு மருந்து சேர்ந்த சிகிச்சை. அதில் ஒன்று செக்கச்செவேல் என்று இருக்கும், சிறுநீரும் சிவந்து போகும். இன்னொன்றுக்கு வெளிச்சம் ஆகாது என்று பாட்டிலைக் கறுப்புத் தாளில் சுற்றி ஏற்றுவார்கள். முதல் ஊசி போட்ட நாலாம் நாள் அரிப்பு நின்றுவிட்டது. எட்டு மாதத்து அரிப்பு! அன்றைக்கு ராத்திரி அந்த நார்ச் சத்தம் கேட்கவில்லை என்று அம்மா எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தார்கள். மூன்றாவது ஊசி மீனாட்சி கல்யாணத்தன்று. 2019-ல் மறுநாள் தேரும் தேர்தலும் ஒரே நாளில் வந்ததே, அந்தக் கூட்டத்துக்குள்தான் ஆட்டோ பிடித்து வீடு வந்தோம். வெள்ளை அணு குறைந்திருந்த நாட்களில் வீட்டுக்குள் பச்சைப் பூ வைக்கக் கூடாது, கிருமி வரும் என்றார்கள். பூவால்தான் நோய் என்று எட்டு மாதம் திட்டினோம், பூ நிஜமாகவே ஆகாமல் போனது மருந்து ஏறிய பிறகுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், படிக்க வேண்டாம் என்றால் தாண்டிப் போங்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். அந்தப் பெருமையில் எங்கள் வீட்டுக்கு ஒரு ரூபாய் வந்ததில்லை. முன்பணம் வாங்கிய கமிஷன் கடைக்குத்தான் பூவைப் போட வேண்டும், அவர்கள் போட்டதுதான் விலை, அதில் நூற்றுக்குப் பத்து கமிஷன், ஈரம் என்று எடையிலும் கழிவு. தம்பி படுத்திருந்தபோது ஆள் இல்லாமல் இரண்டு நாள் பறிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் முகூர்த்த நாள். மொட்டு செடியிலேயே விரிந்து காய்ந்தது. கடைக்காரர் போன் பண்ணிக் கேட்டது தம்பி எப்படி இருக்கிறான் என்று இல்லை, பாக்கி எப்போது என்று. அது இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, கேட்டவருக்கு வருகிறேன். உங்கள் வயது, எண் எதுவும் நீங்கள் எழுதவில்லை. பத்து வருடமாகத் தும்மல் இருக்கிறது, எண் 500-க்கு மேல் 1,500-க்குள் என்றால் பெரும்பாலும் அலர்ஜி, வயிற்றுப் பூச்சி, இல்லாவிட்டால் ஏதாவது மாத்திரையின் வேலை. 1,500-க்கு மேலே திரும்பத் திரும்ப வந்தால் விடாதீர்கள், ரத்தத் துறை டாக்டரைப் பாருங்கள், ஏனென்றால் ஈசினோபிலே புற்றாகப் பெருகுகிற அபூர்வ நோய் ஒன்று இருக்கிறது, அதில் ஒரு வகை இமாட்டினிப் மாத்திரைக்கு அருமையாகக் கேட்கும். ஆனால் எண் மட்டும் போதாது, தம்பிக்கு 1,500-ஐத் தாண்டவே இல்லை. தடிப்பு இல்லாத அரிப்பா, செட்ரிசினுக்கு அடங்காததா, ராத்திரி வேர்வையா, காரணமில்லாத காய்ச்சலா, எடை ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்ததா, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி இரண்டு மூன்று வாரமாக வற்றாமல் இருக்கிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும். குளித்து முடித்ததும் மட்டும் உடம்பெல்லாம் அரிக்கிறது என்றால் அதையும் தனியாகச் சொல்லுங்கள். ரத்தம் அளவுக்கு மேல் ஊறுகிற பாலிசைத்தீமியா வேரா என்ற நோயில் அப்படி இருக்கும். அதற்கான ஜாக்-2 மரபணு மாற்றத்தை 2005-ல்தான் கண்டுபிடித்தார்கள், இப்போது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வயதானவர்களுக்குக் கொசு கடித்த இடமெல்லாம் புதிதாகப் பெரிது பெரிதாகக் கொப்புளித்தாலும் வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்வார்கள், அதுவும் ஒருவகை ரத்தப் புற்றில் வருவதுதான்.

பூச்சிமருந்துதான் காரணம் என்று இங்கே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் மாலத்தியான் என்ற பூச்சிமருந்தையும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியையும் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று வகைப்படுத்தியது உண்மை. ஆனால் அதில் பேசப்பட்டது ஹாட்ஜ்கின் அல்லாத லிம்ஃபோமாவைப் பற்றி. தம்பிக்கு வந்தது வேறு. அப்பா ஏற்கெனவே மருந்து அடித்த கையைப் பார்த்துப் பார்த்து அழுதவர், அவரைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

இப்போது நான் செய்தது. ஐப்பசியில் அவன் தூங்காமல் படும் பாட்டைப் பார்க்க முடியாமல், மெடிக்கல் கடையில் போய் அரிப்புக்குக் கேட்டேன். அட்டை இல்லாமல், சின்னச் சின்ன வெள்ளை மாத்திரை, பேப்பரில் மடித்துக் கொடுத்தார்கள். போட்டதும் அரிப்பு பாதியாகக் குறைந்தது, பசி எடுத்தது, முகம்கூடக் கொஞ்சம் பூரித்தது. மூன்று மாதம் வாங்கிக் கொடுத்தேன். அது ஸ்டீராய்டு. அந்த மாத்திரை நெறியைக் கொஞ்சம் வற்றவைக்கும், செல்களைக் கலைத்துவிடும், ஊசி வைத்துப் பார்த்தாலும் எதுவும் தெளிவாகத் தெரியாமல் போகலாம். அலர்ஜியை அடக்குகிற மாதிரியே லிம்ஃபோமாவையும் அது மறைத்துவிடும்.

டாக்டர் என்னைப் பார்த்து நேராகக் கேட்டார், "ஏதாவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தீங்களாம்மா?" இல்லை என்று சொன்னேன். அப்பா பக்கத்தில் நின்றார். ஒரு வாரம் கழித்துத் தனியாகப் போய், பர்சிலிருந்து அந்தப் பேப்பர் மடிப்பை எடுத்து மேஜையில் வைத்தேன். உள்ளே மூன்று மாத்திரை மிச்சம் இருந்தது. அவர் திட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொல்லி, இரண்டு வாரம் பொறுத்து, அதற்குப் பிறகுதான் நெறியை வெட்டி எடுத்தார்.

உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது மடிப்பு இருந்தால், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.