வாங்கிய கப்பலில் ஒரு ஏவுகணை லாஞ்சர்கூட இல்லையே, ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில், ஜிட்டா என்ற வணிக மைய மார்க்கெட்டில் ஒரு கேரக்கல் க்ரூஸர் (ஏவுகணை வீசும் நடுத்தரக் கப்பல்) வாங்கினேன். அசெம்பிள் செய்து பார்த்தால் எல்லா ஸ்லாட்டும் (கருவி மாட்டும் இடம்) காலி. முதலில் இலவசமாகக் கிடைத்த கப்பலில் துப்பாக்கி இருந்ததே? லோக்கல் சாட்டில் ஒருவர் ‘ஃபுல் ஃபிட்’ செய்த (எல்லாக் கருவியும் மாட்டிய) கேரக்கலைக் காண்ட்ராக்டில் (வீரர்கள் தங்களுக்குள் நேரடியாகப் போடும் ஒப்பந்தத்தில்) தருவதாகச் சொல்கிறார். என்னுடையதை விற்றுவிட்டு அதை வாங்கிவிடலாமா?

பதில்: விற்காதீர்கள். அந்தக் காண்ட்ராக்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. மார்க்கெட்டில் விற்கும் கப்பல் எல்லாமே மொட்டைக் கப்பல்தான். நீங்கள் கொடுத்தது கப்பலின் வெற்று உடலான கூட்டுக்கான விலை மட்டும். ஐபிஸ், வெலட்டர், ரீப்பர், இம்பேரர் ஆகிய நான்கு இலவசக் கப்பல்களில் சிவிலியன் துப்பாக்கியும் சுரங்க லேசரும் மாட்டியே வரும். அதைப் பார்த்துவிட்டு வருகிற புதியவர் எல்லாக் கப்பலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. விலைக்குப் பக்கத்தில் ‘மாட்யூல் தனி’, அதாவது மாட்டும் கருவிகள் தனி, என்று ஒரு வரி போட்டால் பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள். 2003-இல் தொடங்கிய விளையாட்டில் இன்னும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருப்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கேரக்கலில் மேல் வரிசையில் 5 ஸ்லாட், நடுவில் 5, கீழே 4, அதோடு ரிக் (நிரந்தரமாக மாட்டும் மேம்பாட்டுப் பொருள்) 3. ஆக 17 பொருள் வேண்டும், ஏவுகணை தனி. இவற்றின் மொத்த விலை கப்பல் விலையை எட்டலாம், தாண்டவும் செய்யலாம். கையில் உள்ள ஐஸ்க் (விளையாட்டின் பணம்) முழுவதையும் கூட்டுக்கே கொட்டிவிட்டு நிற்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

வாங்குவதற்கு முன் ஃபிட்டிங் சாளரத்தில் சிமுலேஷனைத் திறந்து, மாட்யூல்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை. மாட்யூல்கள் கப்பலிடம் கேட்கும் சிபியு (கணினித் திறன்), பவர்கிரிட் (மின்திறன்) இரண்டும் வரம்புக்குள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து எடுத்த ஃபிட் (மாட்யூல் பட்டியல்) உங்களுக்குப் பொருந்தாமல் போக முக்கியக் காரணம், அதை எழுதியவர் எல்லாப் பயிற்சித் திறனும் உச்சமான 5-ஆம் நிலையில் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டிருப்பார். பவர்கிரிட் மேனேஜ்மென்ட், சிபியு மேனேஜ்மென்ட் இரண்டும் ஒவ்வொரு நிலைக்கும் 5 சதவீதம் கூடுதலாகத் தரும் திறன்கள். அவை குறைவாக இருந்தால் அதே மாட்யூல்கள் உங்கள் கப்பலில் ஆன்லைன் ஆகாது, அதாவது இயங்காது. அப்போது பெயரில் ‘காம்பாக்ட்’ என்று வருகிற மாட்யூலைத் தேடுங்கள். அது குறைந்த சிபியு, பவர்கிரிட்டில் ஓடும், டெக் 2 என்ற மேம்பட்ட ரக மாட்யூல் அளவுக்குத் திறனும் கேட்காது.

எல்லாம் பொருந்தியதும் ஃபிட்டைச் சேமியுங்கள். ஜிட்டா 4-4 ஸ்டேஷனில் நின்றுகொண்டு, அந்த ஃபிட்டிலிருந்தே மல்டிபை (பல பொருளை ஒரேயடியாக வாங்கும் வசதி) மூலம் மொத்தமாக வாங்குங்கள். உறுதி செய்வதற்கு முன் ஒவ்வொரு வரியின் விலையையும் பாருங்கள். மலிவான சரக்கு தீர்ந்திருந்தால் அடுத்தவர் வைத்த விலை எங்கேயோ இருக்கும்.

அளவில் கவனம் வையுங்கள். க்ரூஸருக்கு மீடியம் ரிக்தான் ஏறும். ஸ்மால் ரிக் சிறிய கப்பல்களான ஃபிரிகேட், டெஸ்ட்ராயருக்கு, லார்ஜ் ரிக் பெரிய பேட்டில்ஷிப்புக்கு. ரேபிட் லைட் லாஞ்சர் க்ரூஸரில் ஏறும், ஆனால் அதற்கு லைட் ஏவுகணை போட வேண்டும். ஹெவி லாஞ்சருக்கு ஹெவி ஏவுகணை. ரிக்கைக் கடைசியில் மாட்டுங்கள். மாட்டிய ரிக்கைக் கழற்றினால் அது அழிந்துபோகும். கப்பலை ரீபேக்கேஜ் செய்தாலும் (மீண்டும் பொட்டலமாக்கினாலும்) ரிக் போய்விடும்.

இனி அந்தக் காண்ட்ராக்ட். ‘ஃபுல் ஃபிட், பாதி விலை’ என்று விளக்கத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அதற்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. பொருள் பட்டியலில் இருப்பது மட்டுமே உங்களுக்கு வரும். தலைப்பில் ‘கேரக்கல் நேவி இஷ்யூ’ என்று போட்டுவிட்டு உள்ளே சாதாரணக் கேரக்கலை வைப்பார்கள். கப்பலுக்கு உரிமையாளர் தன் இஷ்டப்படி பெயர் வைக்கலாம் என்பதால், பெயரை விட்டுவிட்டு வகையைப் பாருங்கள். ‘நீங்கள் தருவது’, ‘நீங்கள் பெறுவது’ என்ற இரண்டையும் இடம் மாற்றி வைத்து, உங்களிடமே பொருளும் காசும் கேட்கும் காண்ட்ராக்டுகள் உண்டு. விலையில் ஒரு பூஜ்ஜியம் அதிகமாக இருக்கும், அவசரத்தில் கண்ணில் படாது. கப்பல் இருக்கும் இடம் லோ-செக்காக (பாதுகாப்பு குறைந்த பகுதியாக) இருக்கலாம், அல்லது உங்களை டாக் செய்யவே (உள்ளே நுழையவே) விடாத ஒரு தனியார் ஸ்ட்ரக்சராக (நிலையமாக) இருக்கலாம். வாங்கியபின் போய் எடுக்க முடியாமல் போகலாம்.

இதெல்லாம் விதிமீறல் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. வியாபாரத்தில் ஏமாற்றுவதை இந்த விளையாட்டு அனுமதிக்கிறது. சப்போர்ட்டுக்கு எழுதினால் ஐஸ்க் திரும்பாது. பழகியவர்களுக்கு அது ஆட்டத்தின் சுவை. ஆனால் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் இழந்துவிட்டு விளையாட்டை விட்டே போகிறவர்களுக்கு என்ன சுவை இருக்கிறது? லோக்கல் சாட்டில் கூவி விற்கும் இடைத்தரகரிடம் எதையும் வாங்காதீர்கள்.

பழைய ஃபிட் கப்பலை வாங்குவது லாபமாகும் ஒரே ஒரு நிலைமை இருக்கிறது, அது ரிக். விலை உயர்ந்த டெக் 2 ரிக் மாட்டிய கப்பலை மார்க்கெட்டில் போட முடியாது. அங்கே பேக்கேஜ் செய்த கப்பல்தான் விற்கும், பேக்கேஜ் செய்தாலோ ரிக் அழியும். அதனால் உரிமையாளர் காண்ட்ராக்டில் விலையைக் குறைத்துத் தள்ளிவிடப் பார்ப்பார். இப்படிக் கணக்குப் போடுங்கள்: மொட்டைக் கப்பலின் இன்றைய மார்க்கெட் விலை, அதோடு உங்களுக்குப் பயன்படும் ரிக்கின் விலை. மற்ற மாட்யூல்களை, நீங்கள் விற்றால் உடனே கிடைக்கும் பை-ஆர்டர் விலையில் மட்டும் கூட்டுங்கள், விற்பவர்கள் கேட்கும் செல்-ஆர்டர் விலையில் கூட்டாதீர்கள். இந்தத் தொகைக்கு நன்றாகக் கீழே காண்ட்ராக்ட் இருந்தால்தான் வாங்க வேண்டும். ரிக் உங்கள் ஃபிட்டுக்கு உதவ வேண்டும் என்பது முக்கியம். ஷீல்டை (ஆற்றல் கவசத்தை) நம்பும் கேரக்கலில் ஆர்மர் (உலோகக் கவச) ரிக் மூன்று மாட்டியிருந்தால் அதன் மதிப்பு உங்களுக்குப் பூஜ்ஜியம், கழற்றி விற்கவும் முடியாது. இன்னொன்று: பேக்கேஜ் செய்த க்ரூஸர் 10,000 கன மீட்டர்தான், பெரிய சரக்குக் கப்பலில் பலவற்றை ஒன்றாகக் கொண்டுபோகலாம். அசெம்பிள் செய்ததைப் பெரும்பாலும் நீங்களே உட்கார்ந்து ஓட்டித்தான் ஊர் சேர்க்க வேண்டும். அதில் டெக் 2 லாஞ்சர் இருந்து உங்களிடம் அதற்கான திறன் இல்லையென்றால், வழியில் அது இருந்தும் இல்லாததுபோல்தான்.

கிளம்புவதற்கு முன் இன்ஷூரன்ஸ் எடுங்கள், 12 வாரம் செல்லும். அது கூட்டுக்கு மட்டும். ரிக், மாட்யூல், சரக்கு எதற்கும் ஒரு ஐஸ்க்கூட வராது. அதனால் கப்பல், 17 பொருள், ஏவுகணை எல்லாவற்றின் விலையையும் கூட்டி, அதே தொகை இன்னொரு முறை வாலட்டில் இருந்தால் மட்டும் கேரக்கலில் அன்டாக் செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு ஃபிரிகேட்டை முழுதாக ஃபிட் செய்து சில நாள் ஓட்டுங்கள், கேரக்கல் ஹேங்கரிலேயே இருக்கட்டும்.