யாரும் கேட்காத பாப் பாடல்களை விரும்பிக் கேட்பவரா நீங்கள்? அந்த விருப்பத்தை வீட்டில் எப்படி விளக்கினீர்கள்?

இந்தக் கேள்வியில் 'விளக்கினீர்கள்' என்ற சொல்லைப் பார்த்ததுமே, இதைக் கேட்ட உங்கள் வீட்டிலும் யாரோ உங்களை நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். என் அம்மா இன்றும் கேட்கிறார்: "மொழி தெரியாத பாட்டுக்கு எதற்கு இவ்வளவு காசு?"

நான் தேடித் தேடிச் சேர்ப்பவை, 1960களில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வெளிவந்த மலாய் கிட்டார் பாடல்கள். 'பாப் யே யே' என்பார்கள். பீட்டில்ஸ் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் 'யே யே'யிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. பாடகருக்குப் பின்னால் கிட்டார்களும் டிரம்ஸும் கொண்ட குழுக்களைக் 'குகிரான்' என்று அழைத்தார்கள். 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' என்பதன் சுருக்கம். துள்ளலான கிட்டார் குழு என்று பொருள்.

எனக்கு இந்தப் பித்து பிடித்தது 2014இல், சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில். தரையில் விரித்த தார்ப்பாயில், பழைய கைக்கடிகாரங்களுக்கும் துருப்பிடித்த மின்விசிறிக்கும் நடுவே கிடந்த சிறிய இசைத்தட்டு ஒன்றை ஐந்து வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினேன். காசிம் செலாமாட்டும் 'தி ஸ்வாலோஸ்' குழுவும் பாடிய 'லா ஓபே' அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் தட்டைக் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, ஊசியை வைத்தேன். முதலில் கரகரப்பு, பிறகு கிட்டார், அதன்மேல், ஓடிவந்து நம் தோளைத் தொடுவதுபோல் ஒரு குரல். அன்றிரவு எத்தனை முறை போட்டேன் என்று கணக்கில்லை.

பேச்சு மலாய் எனக்கு ஓரளவு வரும். ஆகவே காதில் விழுந்த சொற்களைத் தாளில் எழுதி, மலாய் அகராதியில் ஒவ்வொன்றாகத் தேடினேன். பல சொற்கள் அகப்படவே இல்லை. பழைய தட்டின் தேய்மானத்தால் சொற்கள் சிதைந்து கேட்கின்றன என்று நினைத்து விட்டுவிட்டேன். நோன்புப் பெருநாளுக்குச் சில நாள் முன்பு, பக்கத்து வீட்டு மக்சிக் (மலாயில் அத்தை, பெரியம்மா போல மூத்த பெண்ணை அழைக்கும் சொல்) பலகாரத் தட்டோடு வாசலில் வந்து நின்றபோது அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தட்டை என்னிடம் கொடுக்காமல், கையில் பிடித்தபடியே பாட்டு முடியும்வரை நின்றார். பிறகு, "இது மலாய் இல்லை, அடிக். இது எங்கள் போயான் மொழி" என்றார். 'அடிக்' என்றால் இளையவர்.

ஜாவாக் கடலில் உள்ள பாவியான் தீவிலிருந்து வந்த போயான் மக்களின் வழித்தோன்றல் அவர். பதினைந்து ஆண்டுகள் அடுத்தடுத்த கதவில் இருந்தும், அதுவரை அவரை வெறுமனே மலாய்க்காரர் என்றே எண்ணியிருந்தேன். போயான் மக்களின் பழைய குடியிருப்பு ஒன்று ரோச்சோர் ஆற்றங்கரையில், நான் தட்டு வாங்கிய சந்தைக்கு அருகிலேயே இருந்தது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். அன்று மாலை பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, இசைத்தட்டு உறையின் பின்பக்க ஓரத்தில் பாடல் வரிகளைப் போயானிலும், ஒவ்வொரு வரிக்கும் கீழே பொருளை மலாயிலும் அவரே எழுதிக் கொடுத்தார்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் இசையின் நகல்தானே" என்று எழுத வருபவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். 1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய 'தி ஷேடோஸ்' கிட்டார் குழுவும் இங்கே வந்து வாசித்தபின் ஊரெங்கும் இளைஞர்கள் மின்கிட்டாரைக் கையில் எடுத்தார்கள் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிட்டாருக்கு மேலே ஒலிக்கும் குரலைக் கேளுங்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல், வளைந்து குழைந்து இறங்கும் அந்தப் பாணி இந்த மண்ணுடையது. பல பாடல்களின் அமைப்பும் 'பந்துன்' என்ற பழைய மலாய்ச் செய்யுளுடையது: நான்கு அடிகள், முதல் இரண்டில் செடியோ பறவையோ மழையோ வரும், பின்னிரண்டில்தான் மனத்தில் உள்ளது வெளிப்படும். உள்ளுறை உவமம் படித்த தமிழருக்கு இது அந்நியமாகப் படக் காரணமே இல்லை.

எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் இருக்க இது எதற்கு என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களை நானும் தினமும் கேட்கிறேன். ஒன்றை விரும்புவதற்கு மற்றதை விட வேண்டியதில்லை. பாப் யே யே பாடகர்கள் பார்த்து வளர்ந்த மலாய்ப் படங்களைச் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் எடுத்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள். மலாய்த் திரையுலகின் பெரும் நட்சத்திரமான பி.ரம்லியை 1950இல் 'பக்தி' படத்தின் கதாநாயகனாக்கியவர் எல்.கிருஷ்ணன். நமக்குத் தொடர்பில்லாத இசை என்று இதை ஒதுக்குவது சரியல்ல.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பழைய பாடல்கள் பற்றிய ஒரு சிறு கண்காட்சிக்கு என்னிடமிருந்து ஐந்து இசைத்தட்டுகளை இரவல் வாங்கிச் சென்றார்கள். கையெழுத்திட்ட பட்டியலோடுதான் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஐந்து தட்டுகளும் இருந்தன. 'லா ஓபே' மட்டும் வெற்று வெள்ளைக் காகித உறையில் இருந்தது. உறை சுவரில் ஒட்டப்பட்டதாகவும், கழற்றும்போது கிழிந்ததால் வீசிவிட்டதாகவும் சொன்னார்கள். "தட்டு பத்திரமாக இருக்கிறதே" என்றார் அங்கிருந்த அலுவலர். பழைய பொருளைக் காட்சிக்கு வைப்பவர்களே அதன்மேல் ஒருவர் கைப்பட எழுதியதைக் குப்பை என்று கருதினால், அவர்கள் எதைத்தான் பாதுகாக்கிறார்கள்? இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

மக்சிக்கிடம் சொல்ல எனக்கு இரண்டு மாதம் மனம் வரவில்லை. கடைசியில் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல், சுவரில் தொங்கிய நாட்காட்டியில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எல்லா வரிகளையும் மறுபடி எழுதினார். இடையில் ஒரு சொல்லில் நின்று, தன் அக்காவைத் தொலைபேசியில் அழைத்துப் பாடிக்காட்டி, கேட்டுத் தெளிந்து எழுதினார். அந்தத் தாள் வெள்ளை உறைக்குள் அடங்கவில்லை. நான்காக மடித்து, தட்டைக் கீறாதபடி உறைக்கு வெளியே வைத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறேன்.