76 வயசில் தலையில் ஆபரேஷனா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதமாக இடது காலை இழுத்து நடக்கிறார். ஸ்கேனில் வலது பக்கம் மூளை உறையில் மெனிஞ்சியோமா கட்டி என்று வந்தது. பெங்களூரு டாக்டர் எடுத்துவிடலாம் என்கிறார். பெரியப்பாவோ, ‘இந்த வயசில் மண்டையைத் திறக்கணுமா?’ என்கிறார். என்ன செய்ய?
- ஒரு மகன், காரிமங்கலம்

பதில்: பெரியப்பாவின் பயம் நியாயமானதுதான். ஆனால் அவர் பார்ப்பது ஆதார் அட்டையில் உள்ள வருஷத்தை. (அது நம் ஊர்ப் பெரியவர்களில் எத்தனை பேருக்குச் சரியாக இருக்கிறது என்பது வேறு கதை!) ஆபரேஷனுக்குப் பின் சிக்கல் வருமா, எத்தனை நாள் படுக்கை என்பதையெல்லாம் வயதைவிட உடல் நலிவுதான் நன்றாகக் காட்டுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வயதுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது தனியாக முடிவு செய்வதில்லை, அவ்வளவுதான்.

நலிவைக் கணக்கிட டாக்டர்கள் ஐந்து விஷயம் பார்ப்பதுண்டு: சர்க்கரை, பிபி, இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், குளிக்க, உடுத்த அடுத்தவர் கை வேண்டியிருப்பது. உங்கள் கடிதத்தில் சர்க்கரை மட்டும்தான் இருக்கிறது.

எனக்கு வேண்டிய விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. கால் இழுப்பதற்கு முன் அம்மா எப்படி இருந்தார்? களிக்குத் துடுப்பு பிடித்துக் கிளறியவரா? கேழ்வரகு மாவு இறுக இறுகக் கிளறுவதற்குத் தோளிலும் மணிக்கட்டிலும் எவ்வளவு தெம்பு வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அப்படி இருந்தவர் மூன்று மாதத்தில் தளர்ந்தார் என்றால், அதில் பெரும்பங்கு கட்டியின் வேலையாக இருக்கலாம். கட்டியை எடுத்தால் அது தேற வாய்ப்புண்டு. இரண்டு வருஷமாகவே எடை குறைந்து, திண்ணையைவிட்டு இறங்காதவர் என்றால் கணக்கு வேறு. இதை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். ஸ்கேன் படத்தில் இது தெரியாது.

மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோயல்ல, மெதுவாக வளரும். தொந்தரவில்லாத சின்னக் கட்டியை விட்டுப் பார்ப்பதும் உண்டு. அம்மாவுக்குக் கால் இழுக்கிறதே, காத்திருப்பதிலும் நஷ்டம் உண்டு.

தேதி குறிக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். முட்டை, பச்சைப்பயறு தினமும் கொடுங்கள். நம் பக்கத்துச் சாமனப்பள்ளியில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லித்தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருந்தால் சர்க்கரை ஏறும், அடிக்கடி பாருங்கள். அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், அடுத்த முறை பெங்களூரு போகும்போது பெரியப்பாவையும் கூட்டிப் போங்கள். அவர் கேள்வியை டாக்டரிடம் அவரே கேட்கட்டும்.