'கிரீப்' என்ற சொல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அனல்மின் நிலையப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். நீராவிக் குழாய்கள் 'கிரீப்' (creep) ஆகிப் பழுதாவதாக வருகிறது. அகராதியைப் பார்த்து 'தவழ்கின்றன' என்று போட்டேன். படிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது. ஆங்கிலச் செய்திகளில் விலைவாசிக்கும் இதே சொல் வருகிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு சொல் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே சொல் கிடையாது, தேடவும் வேண்டாம். குழாய்க்கு 'ஊர்வு' என்று எழுதுங்கள். குழாய் இடம்பெயர்வதாகச் சொல்லும் 'தவழ்கிறது', 'நகர்கிறது' இரண்டும் தவறு. குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். சுமை கூடாமலே, நாளாக நாளாக உலோகம் நீள்வதுதான் ஊர்வு. சுமையை எடுத்தாலும் முழுதாகப் பழைய அளவுக்கு வராது. அதனால் 'நெகிழ்வு' என்றும் எழுதக் கூடாது. வளைந்து மீளும் குணம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

கெல்வின் அளவில் உருகுநிலையின் நாற்பது சதவீதத்தைத் தாண்டினால் ஊர்வைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இரும்பு 1538 டிகிரி செல்சியஸில், அதாவது 1811 கெல்வினில் உருகும். அதன் நாற்பது சதவீதம் ஏறக்குறைய 724 கெல்வின்; 273-ஐக் கழித்தால் ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ். பல அனல்மின் நிலையங்களில் நீராவி 540 டிகிரியை ஒட்டி ஓடுகிறது. உள்ளழுத்தத்தில் குழாயின் விட்டம் மெல்லப் பெரிதாகும். உலோகத்தின் படிக மணிகள் சேரும் எல்லைகளில் நுண்துளைகள் தோன்றும், அவை கூடி விரிசலாகும், கடைசியில் குழாய் வெடிக்கும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகுவதால் அதற்கு அறைவெப்பமே போதும். ஐரோப்பியத் தேவாலயக் கூரைகளில் அளவுக்கு மீறிப் பெரிய ஈயத் தகடுகளை அடித்தால், அவை தம் எடையாலேயே தொய்ந்து இறங்குகின்றன.

மற்ற இடங்களில் வினையைப் பாருங்கள், சொல்லைப் பார்க்காதீர்கள். விலை 'மெல்ல மெல்ல ஏறுகிறது'. அச்சில் பிழை 'புகுந்துவிட்டது'. பூனை 'பதுங்கி வருகிறது'. மலைச்சரிவில் மண் 'ஊர்ந்து இறங்குகிறது'; அங்கே மரங்களின் அடிப்பகுதி வளைந்திருப்பதைக் காணலாம். ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக வந்தால் அது வசை, அருவருப்பூட்டும் ஆள் என்று பொருள். குழந்தை தவழ்வதற்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'கிரால்' என்றே சொல்வார்கள்.

கையேட்டில் முதன்முறை வரும் இடத்தில் 'கிரீப் எனப்படும் ஊர்வு' என்று எழுதிவிட்டு, பிறகு 'ஊர்வு' என்றே தொடருங்கள். பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் கிரீப் என்றுதான் பேசுகிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு வரி வழிகாட்டும்.