சின்னக் காயத்துக்குப் போய் கோர்ட்டா?

கேள்வி: வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். வயது 38. மூன்றரை மாதத்துக்கு முன் ஸ்கூட்டியில் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, என்னை முந்திய கார் ஒன்று சட்டென்று இடது பக்கம் ஒடித்துத் திரும்பியதில் மோதி விழுந்தேன். வலது மணிக்கட்டு எலும்பில் லேசான விரிசல் என்றார் டாக்டர். ஐந்து வாரம் மாவுக்கட்டு. கார் ஓட்டியவர் நல்ல மனிதர். அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், 5,000 ரூபாயும் கொடுத்தார். காவல் நிலையத்தில் சமாதானமாகப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். இதுவரை 14,000 ரூபாய்க்கு மேல் செலவு. கத்தரிக்கோலைப் பிடித்தால் இன்னும் வலிக்கிறது. “சின்னக் காயத்துக்குப் போய் கோர்ட்டா?” என்கிறார் கணவர். போனால் ஏதாவது கிடைக்குமா, அலைச்சல்தான் மிச்சமா? அந்த மனிதருக்குத் துரோகம் செய்வது போல் ஆகிவிடாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, “லேசான விரிசல்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான இடம் அதுதான். எலும்பு முறிவைச் சட்டம் சின்னக் காயம் என்று சொல்வதில்லை, கொடுங்காயம் என்றுதான் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆவது பிரிவிலும் அப்படித்தான், 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவிலும் அப்படித்தான். எலும்பு இரண்டு துண்டாக வேண்டும் என்றில்லை, விரிசலும் முறிவுதான். ஆகவே எக்ஸ்ரே படத்தோடு வந்த ரிப்போர்ட்டை எடுத்து, அதில் ‘ஃபிராக்சர்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பார்த்த டாக்டரிடமே எழுதி வாங்குங்கள்.

வெறும் சிராய்ப்பு, ஒரு டி.டி. ஊசி, இரண்டு நாள் வலி என்றால் நானே உங்களை கோர்ட்டுக்குப் போகச் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் நிலைமை அதுவல்ல. கைவேலையை நம்பிப் பிழைக்கிறவருக்கு வலது மணிக்கட்டு போய்விட்டது என்றால் சம்பாத்தியமே நின்றது என்றுதான் அர்த்தம். போங்கள் என்றுதான் சொல்வேன். அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். உங்களுக்கு இருப்பது இரண்டரை மாதம்தான். தாமதத்துக்குக் காரணம் சொல்லி வாதாடுகிற நிலைமையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த நல்ல மனிதரைப் பற்றிய உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. மனுவில் அவர் பெயர் எதிர்மனுதாரராக வரும், நோட்டீஸும் போகும். ஆனால் பணம் அவர் பையிலிருந்து வருவதில்லை. காருக்குச் செல்லுபடியாகும் காப்பீடும் ஓட்டியவருக்கு லைசென்ஸும் இருந்தால், கொடுக்க வேண்டியது காப்பீட்டு நிறுவனம்தான். இப்படி ஒரு நாளுக்காகத்தானே மூன்றாம் தரப்புக் காப்பீடு என்று ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயமாகப் பணம் கட்ட வைக்கிறார்கள்? ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எஃப்.ஐ.ஆர். பதிவானால் கவனக்குறைவாக ஓட்டியதற்கான குற்ற வழக்கு அவர் மேல் தனியாக நடக்கும். அது அவருக்குத் தொந்தரவுதான். அதனால் முதலில் போன் போட்டுப் பேசுங்கள். “அண்ணா, உங்கள் மேல் கோபமில்லை, கை இன்னும் சரியாகவில்லை, இன்சூரன்ஸில் கேட்கப் போகிறேன்” என்று சொல்லுங்கள். பண்பானவர் என்றால் பாலிசி நகலை அவரே கொடுப்பார். கொடுக்காவிட்டாலும் வண்டி எண்ணை வைத்து எம்-பரிவாஹன் செயலியில் காப்பீட்டு விவரத்தைப் பார்க்கலாம்.

அடுத்தது, நீங்கள் எழுதிக் கொடுத்த சமாதானக் கடிதம். அந்த ஒரு தாளால் உங்கள் உரிமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் நீட்டப் போவது அதைத்தான். அதன் நகலையும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருந்தால் அதையும் உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முறிவு என்று தெரியாத நேரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், அதைப் புதுப் புகாரில் உள்ளபடி எழுதுங்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. புகார் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டைத் தள்ளிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருக்கிறது. வாங்கிய 5,000 ரூபாயையும் மனுவில் சொல்லிவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். நகல்தான். விபத்துப் பதிவேட்டில் முதல் நாள் என்ன எழுதினார்கள் என்பது அதில் இருக்கும். என் தங்கையை ஒரு வேன் தட்டிவிட்டுப் போனது. போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டாமே என்ற நினைப்பில், கூட்டிப் போன எங்கள் வீட்டு ஆள் “வண்டி சறுக்கி விழுந்துட்டா” என்று சொல்லிவிட்டார். அதையே அப்படியே எழுதிக்கொண்டார்கள். வேன் எண் கையில் இருந்தது, பார்த்த பூக்காரம்மாவும் சாட்சி சொன்னார். ஆனாலும் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. இப்போதும் முழங்காலைத் தடவிக்கொண்டுதான் படியேறுகிறாள். உங்களை அழைத்துப் போனவர் கார்க்காரர். அவர் என்ன சொல்லி எழுத வைத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. கார் மோதியது என்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தானாக விழுந்ததாக இருந்தால், அதை முதல் நாளே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? இரண்டு வழி இருக்கிறது. கொடுங்காயம் என்றால், தவறு யார் மேல் என்று நிரூபிக்காமலே 2,50,000 ரூபாய் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அது கொடுங்காயமே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும், அதனால்தான் எக்ஸ்ரே ரிப்போர்ட்டைப் பற்றி அவ்வளவு சொன்னேன். 166-ஆவது பிரிவில் போனால் தவறு அவர் மேல் என்று காட்டி, மருத்துவச் செலவு, போக்குவரத்து, வலி வேதனை, வருமான இழப்பு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதைக் காகிதங்களைப் பார்த்து வழக்கறிஞர் சொல்லட்டும்.

வருமான இழப்புக்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். சம்பள ரசீது உங்களிடம் இருக்காது, ஆனால் அளவு நோட்டு இருக்குமே! யாருடைய ரவிக்கை, என்ன அளவு, என்றைக்குக் கொடுக்க வேண்டும், எவ்வளவு முன்பணம் என்று பென்சிலில் எழுதியிருப்பீர்கள். விபத்துக்கு முந்தைய மாதங்களில் எத்தனை பக்கம் நிறைந்தது, பிறகு எத்தனை ஆர்டரை அடித்துவிட்டுத் துணியைத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். புதிதாக ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டாம். முன்பணம் ஜிபேயில் வந்திருந்தால் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுங்கள். துணியைத் திரும்ப வாங்கிப்போன இரண்டு பேர் சாட்சி சொன்னால் இன்னும் நல்லது. இல்லாத செலவுக்கு பில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கிட்டவே சேர்க்காதீர்கள். ஒரு பொய் பில் அகப்பட்டால் உண்மையான பில்லையும் நம்ப மாட்டார்கள்.

அலைச்சலைக் கேட்டீர்கள். விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு உரிய மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றமும் சார்பு நீதிமன்றமுமே இந்தத் தீர்ப்பாயமாக இருக்கின்றன. எம்.சி.ஓ.பி. நம்பர், அதாவது உங்கள் மனுவுக்கான வழக்கு எண், விழுந்த பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் போக வேண்டியதில்லை. சாட்சி சொல்லும் நாளிலும், மருத்துவக் குழுவிடம் அனுப்பினால் அன்றைக்கும் போக வேண்டும். ஆனாலும் ஓரிரு வருடம் இழுக்கலாம், அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம் என்று வந்தால் மறுக்காமல் போய் உட்காருங்கள். அங்கே முடிந்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது. எதிர்தரப்புக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. அதனால் தொகை மனதுக்குச் சரி என்று பட்டால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

வழக்கறிஞர் விஷயத்திலும் கவனம் வேண்டும். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேச பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. வெற்றுத்தாளிலோ வெற்றுக் காசோலையிலோ யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

சரி, இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏ.ஆர். நகலுக்கு எழுதிக் கொடுங்கள். கணவரையும் அழைத்துப் போங்கள். டாக்டர் இருந்தால் அந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, விரிசல் எங்கே ஓடுகிறது என்று அவருக்கும் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள்.